மஸ்க்வா ஆற்றில் ஒரு மூஸ்: இரண்டு பேரால் முடியுமா?

உங்கள் நிலைமை எனக்குப் புரிந்தவரை இதுதான். வான்கூவர் பக்கத்து சர்ரேயில் இருக்கிறீர்கள். மூன்று பருவம் மியூல் மான் வேட்டைக்குப் போயிருக்கிறீர்கள். மே மாதம் நண்பரோடு சேர்ந்து கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து வேட்டைக் குலுக்கலுக்கு, எல்லாரும் எல்.இ.எச். என்று சொல்வதற்கு, பங்கு வேட்டையாக விண்ணப்பித்தீர்கள். ஃபோர்ட் நெல்சன் பக்கம், மஸ்க்வா ஆற்றை ஒட்டிய மண்டலத்தில் மான் இனத்திலேயே பெரியதான மூஸில் ஓர் ஆணுக்கு அனுமதி விழுந்திருக்கிறது. செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடிகிறது. நண்பரிடம் 16 அடி அலுமினியப் படகும் ஜெட் மோட்டாரும் இருக்கின்றன. எந்தத் துப்பாக்கி, எந்த வாரம், எத்தனை நாள் என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, கடைசி வரியில் “ரெண்டு பேரால முடியுமா?” என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள். முதல் மூன்றுக்கும் பதில் சின்னது. கடைசிக் கேள்விதான் உண்மையான கேள்வி. அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் 20 வருடத்துக்கு மேலாக பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கில் வாழ்கிறேன். இதுவரை 11 முறை மூஸ் வேட்டைக்குப் போயிருக்கிறேன், 6 முறை இறைச்சியோடு திரும்பியிருக்கிறேன். பெரும்பாலும் ஆற்று வழி, பெரும்பாலும் ஜெட் படகு. நான் விலங்கியல் படித்தவன் அல்ல, வழக்கறிஞரும் அல்ல. மிதவை விமானத்தில் இறங்கி வேட்டையாடியதில்லை, குதிரை வைத்து வேட்டையாடியதும் இல்லை. அதனால் அந்த வழிகளைப் பற்றி இங்கே பேசவில்லை. விதிகள் வருடத்துக்கு வருடம் மாறக்கூடியவை. நான் சொல்வதை உங்கள் அனுமதித்தாளோடும் மாகாண அரசு வெளியிடும் வேட்டை விதித் தொகுப்போடும் வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மிருகத்தின் அளவு மனதில் ஏற வேண்டும். தமிழ் அகராதிகள் சில மூஸைக் கடமான் என்கின்றன. நம்மூர்க் கடமான், அதாவது மிளா, நன்றாக வளர்ந்த ஆண் என்றால் 250 கிலோ இருக்கும். இந்தப் பக்கத்து ஆண் மூஸ் அதைப்போல இரண்டு மடங்கு, 450 முதல் 550 கிலோ வரை. நீங்கள் சுட்ட மியூல் மானை இரண்டு பேர் இழுத்து வண்டியில் ஏற்றியிருப்பீர்கள். மூஸை இழுக்க முடியாது. புரட்டுவதே பெரும்பாடு. விழுந்த இடத்திலேயே வெட்டிப் பிரித்துச் சுமந்துதான் வர வேண்டும். ஒரு பின்தொடை மட்டும் எலும்போடு 50 கிலோவைத் தாண்டும். கால்கள், முதுகுக்கறி, விலா, நெஞ்செலும்பு, கழுத்து எல்லாம் சேர்த்தால் 300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எலும்பை நீக்கினால் 200 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்.

இப்போது கணக்கைப் போடுவோம். ஒருவர் ஒரு நடையில் 30 கிலோ சுமந்தால் மொத்தம் பத்துச் சுமை, ஆளுக்கு ஐந்து நடை. படகிலிருந்து ஒரு கிலோமீட்டரில் மூஸ் விழுந்தால் ஐந்து முறை போய்வர ஆளுக்கு 10 கிலோமீட்டர், அதில் பாதி முதுகில் சுமையோடு. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் அது பாதை இல்லாத தரை. வில்லோ புதர், விழுந்து கிடக்கும் ஸ்ப்ரூஸ் மரங்கள், பீவர் அணை கட்டித் தேக்கிய தண்ணீர், கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும் பாசிச் சதுப்பு. அந்த நிலத்தில் ஒரு நடைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். முதல் முறை வெட்டுபவர்களுக்கு வெட்டிப் பிரிக்கவே ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஆக, சுட்ட அந்த ஒரு நொடிக்குப் பின்னால் இரண்டு பேருக்கு ஒன்றரை நாள் கடின வேலை காத்திருக்கிறது. வழக்கமாக எல்லாரும் எங்கே மூஸ் கிடைக்கும் என்பதிலிருந்து திட்டம் போடுவார்கள். நீங்கள் உங்கள் வீட்டு ஃப்ரீசரிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஃப்ரீசருக்கு முன்னால் வண்டி, அதற்கு முன்னால் படகு, அதற்கு முன்னால் உங்கள் முதுகு. எந்த இடத்திலிருந்து இறைச்சி கெடாமல் வந்து சேருமோ அந்த இடம் மட்டும்தான் உங்கள் வேட்டை நிலம். அனுமதித்தாளில் இருக்கும் மண்டலம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உங்கள் இருவருக்கும் அது ஆற்றின் இரு கரையிலும் ஒரு நாடா அகலம்தான்.

இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். என் இரண்டாவது மூஸ் வேட்டை, 2009. நானும் ஒரு நண்பரும். நான்கு நாள் ஒன்றும் தென்படவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம், ஆற்றிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டரில், சதுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆண் வந்து நின்றது. தூரத்தை நான் யோசிக்கவே இல்லை. சுட்டேன், அங்கேயே விழுந்தது. இருட்டுவதற்குள் வயிற்றைத் திறந்து குடலை எடுக்க மட்டும்தான் முடிந்தது. அன்று இரவு குளிரும் என்று நம்பித் தோலை உரிக்காமல் விட்டோம். குளிரவில்லை. மறுநாள் வெயில் வேறு. ஒரு பின்தொடையில் இடுப்பு மூட்டைச் சுற்றிய கறி புளித்து நாறிவிட்டது. இரண்டாம் நாள் நடையில் நாங்கள் படகுக்குப் போய்த் திரும்புவதற்குள், மிச்சமிருந்த முன்னங்காலையும் ஒரு பக்க விலாவையும் கரடி இழுத்துப் போய்விட்டது. 300 கிலோவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீண். அந்த மிருகத்தின் முன்னால் நின்றபோது வந்த வெட்கம் இன்றும் போகவில்லை. அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். இரண்டு பேர் என்றால், காய்ந்த தரையில் படகிலிருந்து 500 மீட்டர், சதுப்பில் 200 மீட்டர். அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய கொம்பு நின்றாலும் சுடுவதில்லை, கூப்பிட்டுக் கிட்டே வரவைக்கப் பார்ப்பேன். இது சட்டமில்லை, என் கணக்கு. நான்கு பேர் இருந்தால் தாராளமாக நீட்டலாம்.

அப்புறம் ஆறு. மஸ்க்வா என்றால் பூர்வகுடிகளின் கிரீ மொழியில் கரடி. ராக்கி மலைகளில் பிறந்து, டுச்சோடி போன்ற கிளைகளைச் சேர்த்துக்கொண்டு, ஃபோர்ட் நெல்சன் அருகே பெரிய ஆறாகி, லியார்ட் ஆற்றின் வழியாக மெக்கன்சி ஆற்றுக்குப் போய்ச் சேர்கிறது. மலை ஆற்றுக்கு ஒரு குணம் உண்டு. செப்டம்பர் கடைசியில் மலை உச்சியில் இரவில் உறைய ஆரம்பித்ததும் உருகிவரும் தண்ணீர் நின்று, மட்டம் நாளுக்கு நாள் இறங்கும். நீங்கள் மேலே ஏறிய நாளில் தாராளமாக இருந்த சரளைத் திட்டு, எட்டு நாள் கழித்து இறைச்சியோடு இறங்கும்போது படகின் அடியை உரசும். படகும் அப்போது பாரத்தால் ஆழ்ந்து மிதக்கும். இந்த இரண்டும் சேர்வதைத்தான் புதியவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. வெறும் படகில் போக முடிந்த இடம் எல்லாம் பாரத்தோடு திரும்ப முடிகிற இடமில்லை. ஒருமுறை நாங்கள் ஒரு திட்டில் படகை முழுக்கக் காலி செய்து, குளிர் தண்ணீரில் இறங்கித் தள்ளி, மறுபடி எல்லாவற்றையும் ஏற்ற வேண்டியிருந்தது. அதற்கே அரை நாள். இதற்கு நேர்மாறாக, மலையில் ஒரு நாள் நல்ல மழை பெய்தால் மட்டம் இரவோடு இரவாக ஏறும். கூடாரத்தைச் சரளைத் திட்டில் போடாதீர்கள். போன வெள்ளம் ஒதுக்கிப்போட்ட குச்சியும் சருகும் கிடக்கும் கோட்டுக்கு மேலே போடுங்கள். படகை இரண்டு கயிற்றில், உயிருள்ள மரத்தில் கட்டுங்கள்.

உங்கள் படகைப் பற்றி ஒரு கணக்கு. இரண்டு ஆள் 170 கிலோ, கூடாரமும் சாமானும் 150 கிலோ, 120 லிட்டர் பெட்ரோல் 90 கிலோ, மூஸ் 300 கிலோ. மொத்தம் 700 கிலோவைத் தாண்டுகிறது. படகின் பின்பக்கம் ஒரு தகடு ஒட்டியிருக்கும், அதில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று எழுதியிருக்கும். அந்த எண்ணைப் பாருங்கள். 16 அடிப் படகில் பல இந்தப் பாரத்துக்கு ஏற்றவை அல்ல. அப்படியானால் முதலில் இறைச்சியும் ஓட்டுபவரும், பிறகு திரும்பிவந்து ஆளும் கூடாரமும் என்று இரண்டு நடையாகத்தான் இறங்க வேண்டும். அதற்குப் பெட்ரோலும் இரட்டிப்பாக வேண்டும். ஜெட் மோட்டார் சுழல் விசிறி மோட்டாரைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பலம் குறைவாகத்தான் தரும். 60 குதிரைசக்தி எஞ்சினில் ஜெட் பொருத்தினால் 40 என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆழமில்லாத தண்ணீரில் ஓடுவதற்கு நாம் கொடுக்கும் விலை அது. பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் மேலே ஏறுவதை நிறுத்திவிடுவது என் வழக்கம். இறங்கும்போது குறைவாகத்தான் செலவாகும் என்றாலும், மிச்சம் இருப்பது மனதுக்குத் தெம்பு. ஓட்டுபவரிடம் படகு ஓட்டுநர் அட்டை இருக்க வேண்டும். உயிர்காப்பு உடையை இரண்டு பேரும் படகில் இருக்கும் நேரம் முழுக்கப் போட்டிருக்க வேண்டும், மடித்து உட்காருவதற்கு அல்ல. கரையிலிருந்து சாய்ந்து ஆற்றின் மேல் கிடக்கும் மரங்களைக் கண்டால் வளைவுக்கு முன்பே விலகிவிடுங்கள். வெள்ளம் படகை அங்கேதான் இழுக்கும். அந்தத் தண்ணீரில் விழுந்தவருக்கு நீந்தத் தெரிந்திருந்தும் சில நிமிடங்களில் கை வேலை செய்யாது. தீக்குச்சியும் செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவியும் பையில் இருக்கக் கூடாது, உடம்பில் இருக்க வேண்டும். அங்கே கைபேசி வேலை செய்யாது.

எந்த வாரம் என்று கேட்டீர்கள். மூஸ் இணைசேரும் பருவம் பகல் நீளத்தைப் பொறுத்தது, வருடா வருடம் பெரிதாக மாறுவதில்லை. செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் முதல் வாரமும்தான் உச்சம். அப்போதுதான் ஆண் மூஸ் கூப்பிட்டால் வரும். உங்கள் அனுமதி இந்த இரண்டு வாரத்தையும் தொடுவது பெரிய பேறு. நானாக இருந்தால் அக்டோபர் 1ஐ நடுவில் வைத்துத் திட்டமிடுவேன். செப்டம்பர் கடைசியில் கூப்பிட்டால் வரும் வாய்ப்பு அதிகம், ஆனால் சில வருடம் பகல் 20 டிகிரியைத் தொடும், இறைச்சிக்கு ஆபத்து. அக்டோபர் முதல் வாரம் கடந்தால் இரவு உறைநிலைக்குப் போகும், இறைச்சிக்கு நல்லது, ஆனால் ஆண்கள் மெல்ல அடங்கிவிடும், ஆறும் இன்னும் இறங்கியிருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், புதியவர்களுக்கு நான் குளிரைத்தான் சொல்வேன். பகல் நாளுக்கு நாலைந்து நிமிடம் குறைந்துகொண்டே போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கூப்பிடுவதை இப்போதே பழகுங்கள். பெண் மூஸின் குரல் மூக்கால் இழுக்கும் நீண்ட முனகல். ஆணின் குரல் தொண்டையிலிருந்து வரும் குட்டையான உறுமல். காய்ந்த தோள்பட்டை எலும்பாலோ கட்டையாலோ வில்லோ புதரைத் தேய்த்தால், இன்னொரு ஆண் கொம்பு உரசுவதாக நினைத்து வரும். ஒரு பாத்திரத்திலிருந்து தண்ணீரை மெல்ல ஊற்றுவதும் வேலை செய்யும், பெண் மூஸ் நீரில் நின்று சிறுநீர் கழிப்பது போலக் கேட்கும். மூஸுக்குக் கண்பார்வை மந்தம், காதும் மூக்கும் அபாரம். காற்று உங்கள் முதுகிலிருந்து அடித்தால் அந்த இடத்தில் கூப்பிட்டுப் பயனில்லை, எழுந்து போய்விடுங்கள். கூப்பிட்ட பிறகு பலர் செய்யும் தவறு, அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவது. பெரிய ஆண் சத்தமே போடாமல் இரண்டு மணி நேரம் கழித்து வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை அதே இடத்தில் வந்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன். படகு எட்டும் தூரத்தில் நல்ல இடம் ஒன்றைப் பிடித்து, காலையிலும் மாலையிலும் அங்கேயே பொறுமையாக உட்காருவது, தினமும் 40 கிலோமீட்டர் ஆற்றில் ஓடித் தேடுவதைவிட எவ்வளவோ மேல். எந்த மாதிரி நிலத்தைப் பார்க்க வேண்டும் என்றால், கிளை ஆறு வந்து சேரும் இடம், பழைய ஆற்று மடு, பழைய தீயில் எரிந்து வில்லோ முளைத்த சரிவின் அடி. இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைத்தால் வேறெங்கும் போகாதீர்கள்.

துப்பாக்கி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மானுக்கு நீங்கள் வைத்திருக்கும் .30-06 போதும், கட்டுக்கோப்பான 180 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு போடுங்கள். புதிதாகப் பெரிய துப்பாக்கி வாங்கி அதன் உதைக்குப் பயந்து சுடுவதைவிடப் பழகிய துப்பாக்கி நல்லது. நெஞ்சில், முன்னங்காலுக்குப் பின்னால். நுரையீரலில் பட்ட மூஸ் பல சமயம் ஒன்றும் நடக்காத மாதிரி அப்படியே நிற்கும். அது விழாமல் நின்றுகொண்டிருக்கும் வரை திரும்பவும் சுடுங்கள், இரண்டடி எடுத்து வைத்துத் தண்ணீரில் விழுந்துவிட்டால் உங்கள் வேலை மூன்று மடங்காகும். தண்ணீரில் நிற்பதைச் சுடவே வேண்டாம். நீந்திக்கொண்டிருப்பதைச் சுடுவது சட்டப்படியும் குற்றம். மோட்டாரில் ஓடும் படகிலிருந்து சுடுவதும் குற்றம். சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் பின்பு வரை சுடலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் கடைசி இரண்டு மணி வெளிச்சத்தில் சுடுவதற்கு முன்னால் நான் சொன்ன 2009 சாயங்காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

காகித விஷயத்தில் நான்கு இடத்தில்தான் ஆட்கள் மாட்டுவார்கள். ஒன்று, எல்.இ.எச். அனுமதி மட்டும் போதாது, மூஸுக்கான தனி உரிமத்தையும் இருவரும் வாங்க வேண்டும். இரண்டாவது, பங்கு வேட்டையில் உங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே மூஸ். ஆளுக்கு ஒன்றல்ல. ஒருவர் சுட்டு வீழ்த்தியதும் மற்றவரின் வேட்டையும் அதோடு முடிந்தது. பிரிந்து உட்காரும்போது இது முக்கியம், ஏனென்றால் ஒருவர் சுட்டு வீழ்த்தியது மற்றவருக்கு உடனே தெரியாமல் போகலாம். அதனால் ஒரே இடத்தில் சேர்ந்தே உட்காருங்கள். மூன்றாவது, மூஸ் விழுந்தவுடன், அதைத் தொட்டு வேலை தொடங்குவதற்கு முன்பே உரிமத்தைச் செல்லாததாக்க வேண்டும், அதாவது பயன்படுத்திவிட்டதாக அதில் குறிக்க வேண்டும். சந்தோஷத்தில் இதை மறந்து பெரிய அபராதம் கட்டியவர்கள் உண்டு. நான்காவது, ஆண் என்பதற்கும் மூஸ் என்பதற்கும் அடையாளம். எந்த உறுப்பு, எவ்வளவு தோல் இறைச்சியோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பதை விதித் தொகுப்பில் படித்துவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும். வீட்டுக்கோ இறைச்சி வெட்டுபவரிடமோ சேரும் வரை அது ஒட்டியே இருக்க வேண்டும். இந்தப் பகுதியில் எல்க் மானும் உண்டு. தூரத்தில் புதருக்குள் நிற்பது எது என்று உறுதியாகத் தெரியாமல் விசையில் விரல் போகக் கூடாது.

இறைச்சியைக் காப்பாற்றுவது எப்படி என்பதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை, ஏனென்றால் இதைத்தான் அதிகம் செய்திருக்கிறேன். மூஸின் தோல் கம்பளி மாதிரி. உயிர் போனாலும் உள்ளே சூடு அப்படியே நிற்கும். வெளியே உறைநிலையில் இருந்தாலும், தோல் உரிக்காத பின்தொடை எலும்பை ஒட்டி உள்ளுக்குள் கெட்டுப்போகும். முதல் வேலை குடலை எடுப்பது, இரண்டாவது தோலை உரிப்பது, மூன்றாவது தொடைகளைப் பிரித்துக் காற்றில் தொங்கவிடுவது. எவ்வளவு சோர்வாக இருந்தாலும் இந்த மூன்றையும் முடிக்காமல் படுக்கக் கூடாது. மெல்லிய பருத்தித் துணிப்பையில் போடுங்கள், கருப்பு பிளாஸ்டிக் பையில் ஒருபோதும் வேண்டாம், சூடும் ஈரமும் உள்ளேயே நின்றுவிடும். நிழலில், குறுக்குக் கம்பு கட்டி, மேலே மட்டும் தார்ப்பாய் போட்டுப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். வெளிப்பக்கம் காய்ந்து மெல்லிய பொருக்குப் படிந்தால் ஈ முட்டையிடாது. ஆற்றுத் தண்ணீரில் கழுவ வேண்டாம். எலும்பை நீக்கிச் சுமப்பதா, எலும்போடா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. எலும்போடு இருந்தால் நன்றாகக் காற்றாடும், சுத்தமாக இருக்கும். எலும்பை நீக்கினால் சுமை குறையும். தூரம் குறைவாக இருந்தால் எலும்போடு என்பது என் விருப்பம். நான்கு காலும் முதுகுக்கறியும் கொண்டுவரச் சட்டமே சொல்கிறது. கழுத்தையும் விலாவையும் நெஞ்செலும்பையும்கூட விட்டுவிடாதீர்கள். மூஸ் கறியில் கொழுப்பு மிகக் குறைவு. கழுத்துக்கறியை மிளகும் தேங்காயும் அரைத்துவிட்டு மூன்று மணி நேரம் மெல்லிய தீயில் வேகவைத்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கரடிகள். 2017 டிசம்பரிலிருந்து இந்த மாகாணத்தில் கிரிஸ்லி கரடி வேட்டைக்கு உரிமம் கிடையாது. அதனால்தான் அவை துணிந்துவிட்டன என்று வடக்கில் பலர் சொல்வார்கள். அது உண்மையா என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. செத்த மூஸின் வாசனைக்கு அவை வரும் என்பது மட்டும் உறுதி. குடல் கிடக்கும் இடத்திலிருந்து இறைச்சியை முதல் வேலையாக 100 மீட்டராவது நகர்த்தி, தூரத்திலிருந்தே பார்க்க முடிகிற திறந்த இடத்தில் வையுங்கள். அதற்குமேல் ஒரு வெளிர் நிறத் துணியைக் கட்டுங்கள். ஒவ்வொரு நடையிலும் சத்தமாகப் பேசிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத் திரும்பி வாருங்கள். ஒருவர் வெட்டும்போது மற்றவர் நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்க்க வேண்டும். கரடி ஸ்ப்ரே இடுப்பில் இருக்கட்டும். கரடி வந்து இறைச்சியின் மேல் உட்கார்ந்துவிட்டால் அது கரடியுடையது, சண்டை வேண்டாம்.

உறுதியில்லாத சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். இணைசேரும் பருவத்து ஆணின் கறி நாறும் என்பார்கள். அந்த நாட்களில் ஆண் மூஸ் ஏறக்குறைய சாப்பிடுவதையே நிறுத்திவிடும் என்பது தெரிந்த விஷயம். ஆனால் நான் கொண்டுவந்த ஆறில் ஒன்றில் மட்டும்தான் வாடை தெரிந்தது. அதுவும் பருவத்தாலா, நாங்கள் தோல் உரிக்கத் தாமதித்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நிலாவைப் பார்த்து நாள் குறிப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை. ஈரல், சிறுநீரகம் விஷயத்தில் மட்டும் கவனம். வடக்குப் பக்க மூஸின் இந்த உறுப்புகளில் காட்மியம் என்ற உலோகம் சேர்கிறது. குறைவாகச் சாப்பிடும்படி சுகாதாரத் துறைகள் சொல்கின்றன. நம் வீடுகளில் ஈரலை முதலில் குழந்தைக்குத்தான் கொடுப்போம், இதில் அது வேண்டாம்.

அனுமதி ஏன் இவ்வளவு அரிது என்று நண்பர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அது தெரிந்துதான் அங்கே போக வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த நிலம், அரசுக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையே 1899இல் கையெழுத்தான எட்டாம் உடன்படிக்கையின் நிலம். முன்பு போலவே வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் முடியும் என்ற உறுதியோடு டனேசா, டெனே, கிரீ மக்கள் அதில் சேர்ந்தார்கள், ஃபோர்ட் நெல்சன் மக்கள் 1910இல். அதன்பின் எண்ணெய், எரிவாயு, மரம் வெட்டல், சாலை என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, அந்த உடன்படிக்கையில் சேர்ந்த புளூபெர்ரி ரிவர் பூர்வகுடி மக்கள் வழக்குப் போட்டு, 2021 ஜூனில் மாகாண உச்ச நீதிமன்றம் அரசு உடன்படிக்கையை மீறிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னது. அதையொட்டி 2022இல் ஃபோர்ட் நெல்சனும் அடங்கிய பீஸ் பகுதியில் உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களின் மூஸ் வேட்டை முழுக்கக் குலுக்கலுக்குள் வந்தது. அவர்கள் எடுக்கும் எண்ணிக்கையை ஏறக்குறையப் பாதியாகக் குறைப்பதுதான் நோக்கம். இதில் கோபப்பட்ட வேட்டைக்காரர்கள் நிறைய. நான் கோபப்படவில்லை. மாகாணத்தின் நடுப்பகுதியில் சில இடங்களில் மூஸ் பாதிக்கும் கீழே போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆற்றில் அந்த மக்களின் வேட்டை முகாம் எதையாவது கண்டால், வேகத்தைக் குறைத்து, கை காட்டி, அங்கே கூடாரம் போடாமல் தள்ளிப் போங்கள். அந்த மூஸ் அவர்களுக்குக் குளிர்காலச் சாப்பாடு.

நாள் கணக்கு. சர்ரேயிலிருந்து ஃபோர்ட் நெல்சன் 1,600 கிலோமீட்டர். படகை இழுத்துக்கொண்டு போக இரண்டு நாள், வர இரண்டு நாள். ஆற்றில் ஏறி முகாம் போட ஒரு நாள். வேட்டைக்கு ஆறு நாள். வெட்டவும் சுமக்கவும் இரண்டு நாள். மழைக்கும் வெள்ளத்துக்கும் ஒரு நாள். ஆக 14 நாள் விடுப்பு. பத்து நாள்தான் கிடைக்கும் என்றால் வேட்டை நாளைக் குறையுங்கள், சுமக்கும் நாளைக் குறைக்காதீர்கள். கடைசி நாள் என்று ஒரு தேதியை இப்போதே எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு எது வந்து நின்றாலும் சுடுவதில்லை என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். ஃபோர்ட் செயின்ட் ஜானிலோ பிரின்ஸ் ஜார்ஜிலோ வேட்டை இறைச்சி வெட்டித் தருபவரிடம் செப்டம்பரிலேயே பேசி வையுங்கள், அக்டோபரில் இடம் கிடைக்காது. வீட்டில் இருவருக்கும் சேர்த்து 14 கன அடி ஃப்ரீசர் காலியாக இருக்க வேண்டும்.

சரி, இரண்டு பேரால் முடியுமா? ஆற்றை ஒட்டியே இருந்தால், அந்தப் படகு தாங்கினால், முடியும். நானும் ஒரு நண்பரும் மூன்று முறை அப்படிச் செய்திருக்கிறோம். ஆனால் படகு தாங்குமா என்பதை மஸ்க்வாவில் கண்டுபிடிக்க வேண்டாம். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை ஃபிரேசர் ஆற்றுக்குப் படகைக் கொண்டுபோங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் பதினைந்தை நிரப்பி ஏற்றுங்கள், அது 300 கிலோ. முகாம் சாமான், முழு பெட்ரோல், நீங்கள் இருவரும். நீரோட்டத்தை எதிர்த்து ஓட்டிப் பாருங்கள், படகு எழும்புகிறதா, விளிம்புக்கும் தண்ணீருக்கும் எத்தனை விரல் இடைவெளி இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்று சாயங்காலம் ஆளுக்கு 30 கிலோ மணல் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு பாதையில்லாத காட்டில் 500 மீட்டர் ஐந்து முறை போய் வாருங்கள். அந்த எண்களோடு எழுதுங்கள், எந்தக் கிளை ஆறு வரை போகலாம் என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு பேசுவோம்.